ராத்திரியில் சார்ஜ் இறங்குகிறதா? பேட்டரியை மாற்றச் சொன்னால் உஷாராக இருங்கள்

லேப்டாப்பை இரவு 80 சதவீதத்தில் மூடி வைக்கிறீர்கள், காலையில் திறந்தால் 20-தான் இருக்கிறது என்றால், தயவுசெய்து உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு என் கதையே போதும். நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, யாரோ பயன்படுத்தித் தேய்த்த பேட்டரியைப் 'புதுசு' என்று மாட்டி, 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகும் சார்ஜ் அதே மாதிரி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

நான் கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசித் தேதி நெருங்கும்போது லேப்டாப்பை வீட்டுக்கும் கொண்டுவந்து பாதி ராத்திரி வரை வேலை பார்ப்பேன். அப்படியே மூடியை மூடி வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று வருடமாக அப்படித்தான் ஓடியது. ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மூடி வைத்த லேப்டாப் பைக்குள்ளேயே சூடாக இருக்கும். ஒரே இரவில் பாதிக்கு மேல் சார்ஜ் போய்விடும். ஆனால் பகலில் வேலை செய்யும்போது பழையபடி ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தது. இந்தக் கடைசி விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், முழு விவகாரத்துக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

வாரண்டி முடிந்துவிட்டதால் காந்திபுரம் பக்கம் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. பகலில் ஐந்து மணி நேரம் வருகிறது, மூடி வைத்தால்தான் இறங்குகிறது என்று தெளிவாகச் சொன்னேன். அங்கே இருந்தவர் சார்ஜரைச் செருகினார், எடுத்தார், திரையை ஒரு பார்வை பார்த்தார். "பேட்டரி செத்துப்போச்சுங்க மேடம், மாத்தித்தான் ஆகணும்" என்றார். ஒரு ரிப்போர்ட்டும் எடுக்கவில்லை, பின்பக்கத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

வாங்கும்போது பழைய பேட்டரியைக் கேட்டேன். "அது டேஞ்சருங்க, வீட்ல வெச்சா வெடிக்கும், நாங்களே டிஸ்போஸ் பண்ணிருவோம்" என்று பதில் வந்தது. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு மாதிரி ஒன்றில் 'பேட்டரி சர்வீஸ் 4,800' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை, பேட்டரியின் சீரியல் நம்பர் இல்லை, வாரண்டி பற்றி ஒரு வரிகூட இல்லை. சரியான பில் வேண்டும் என்று வற்புறுத்தினேன். "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறோம்" என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அன்று இரவும் சார்ஜ் இறங்கியது. இப்போது பகலிலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை. மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தபோது செக்கிங் சார்ஜ் என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "போர்டுல லீக்கேஜ் இருக்குங்க, சிப் லெவல் வேலை, 6,500 ஆகும்" என்றார்கள். அப்படியே பேச்சோடு பேச்சாக, "ஃபார்மேட்டும் பண்ணிக் குடுத்திருவோம்" என்றார்கள். வேண்டாம் என்று லேப்டாப்பைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். ஃபார்மேட் செய்திருந்தால் என்னிடம் ஓர் ஆதாரமும் மிஞ்சியிருக்காது.

எங்கள் அலுவலகத்துக்கு நெட்வொர்க் வேலைக்கு வரும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, ஷட் டவுன் பண்ணி வெச்சா இறங்குதா?" என்பது. கடையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அன்று இரவு முழுதாக ஷட் டவுன் செய்து வைத்தேன். காலையில் சார்ஜ் அப்படியே இருந்தது. போர்டில் உண்மையிலேயே மின்கசிவு இருந்தால், அணைத்து வைத்தாலும் அது பெரும்பாலும் சார்ஜைத் தின்னும். அணைத்தால் நிற்கிறது, ஸ்லீப்பில் (ஷட் டவுன் செய்யாமல் மூடி வைக்கும்போது போகும் உறக்க நிலை) மட்டும் இறங்குகிறது என்றால் ஸ்லீப்பில்தான் கோளாறு. ஒரு பைசா செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் யாரும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து அவர் இரண்டு ரிப்போர்ட் எடுத்தார். இரண்டுமே விண்டோஸுக்குள்ளேயே இருப்பவை, தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடி, ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால் ஒரு ஃபைல் உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று திரையிலேயே வரும். பிரவுசரில் திறந்து பார்க்கலாம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. மேலேயே பேட்டரியின் விவரம் இருக்கிறது. டிசைன் கெபாசிட்டி என்பது தொழிற்சாலையில் நிர்ணயித்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைக்கு அதில் உண்மையில் எவ்வளவு நிற்கும் என்பது. எனக்குப் 'புதுசு' என்று மாட்டிய பேட்டரியில் முதலாவது 41,040 மில்லிவாட் ஹவர், இரண்டாவது 24,300. அதற்குக் கீழே சைக்கிள் கவுன்ட் 412. அதாவது அந்த பேட்டரியை நானூறு முறைக்கு மேல் முழுசாக சார்ஜ் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். பல லேப்டாப் பேட்டரிகளின் நல்ல ஆயுளே 300 முதல் 500 சைக்கிள் வரைதான்.

கீழே இறங்கினால் பேட்டரி கெபாசிட்டி ஹிஸ்டரி என்று ஒரு பட்டியல் வரும். வாராவாரம் கொள்ளளவு எவ்வளவு இருந்தது என்று விண்டோஸ் தானாகவே குறித்து வைத்திருக்கிறது. கடைக்குப் போன வாரம் வரைக்கும் என் பேட்டரி 36,800. அடுத்த வரியிலேயே 24,300. மூன்று வருடம் உழைத்தும் 90 சதவீதம் நலமாக இருந்த பேட்டரியைத்தான் 'செத்துப்போச்சு' என்று கழற்றியிருக்கிறார்கள். அது குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

தம்பி பின்பக்கத்தைக் கழற்றியும் காட்டினார். பேட்டரி மேல் ஒட்டிய லேபிளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் பழைய லேபிளின் கறுப்பு ஓரம் எட்டிப்பார்த்தது. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தரக் குறியீடும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இதில் இரண்டுமே இல்லை. மடியில் வைத்து வேலை செய்யும் பொருளுக்குள், எங்கே செய்தது என்றே தெரியாத லித்தியம் செல்களை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு இதுதான் கோபம்.

சரி, சார்ஜ் ஏன் இறங்கியது? இரண்டாவது ரிப்போர்ட் அதைச் சொன்னது. அதே கமாண்டில் பேட்டரிரிப்போர்ட் என்பதற்குப் பதில் ஸ்லீப்ஸ்டடி என்று அடிக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் புரிய வேண்டுமானால் முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்றால் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற எல்லாம் அணைந்துவிடும், எஸ்3 என்று அதற்குப் பெயர். சமீப ஆண்டுகளில் வந்த பல லேப்டாப்களில் அது இல்லை. அதற்குப் பதில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்பதை வைத்திருக்கிறார்கள், எஸ்0 என்றும் சொல்வார்கள். திரையை அணைத்து வைத்த செல்போன் மெயில் வாங்கிக்கொண்டே இருப்பது போல, மூடிய லேப்டாப்பும் அவ்வப்போது விழித்து நெட்டைப் பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். ஒழுங்காக உறங்கினால் இரவுக்குச் சில சதவீதம்தான் போகும். ஏதாவது ஒரு டிரைவர் (வைஃபை போன்ற உள் பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) அதை உறங்கவிடாமல் பிடித்துக்கொண்டால் போச்சு. என் கணக்கில் 9 மணி நேரத்தில் ஏறக்குறைய 21 வாட் ஹவர் போயிருந்தது. மணிக்கு இரண்டு வாட் ஹவருக்கும் மேல். மூடிய பைக்குள் சூடு வந்ததும் இதனால்தான்.

ஸ்லீப்ஸ்டடி ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முறை உறங்கியதும் ஒரு வரியாக வருகிறது, நன்றாக உறங்கியது பச்சையில், மோசமானது சிவப்பில். என் இரவுகள் எல்லாமே சிவப்பு. ஒரு வரியைத் திறந்தால் டாப் அஃபெண்டர்ஸ் என்று, யார் எழுப்பி வைத்திருந்தார்கள் என்ற பட்டியல். முதலிடத்தில் வைஃபை அடாப்டர், இரவு நேரத்தில் 96 சதவீதம் விழித்தே இருந்திருக்கிறது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டு, அவர்கள் கொடுக்கும் வைஃபை டிரைவரை இறக்கி இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தார். அவ்வளவுதான், மறுநாள் காலை வரி பச்சையாகிவிட்டது. இதற்குத்தான் பேட்டரி, செக்கிங், போர்டு என்று மொத்தம் 11,800 ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார்கள்.

எல்லா லேப்டாப்பிலும் வைஃபைதான் காரணமாக இருக்கும் என்று சொல்லவில்லை. செருகியபடி விட்ட யூஎஸ்பி பொருளாக இருக்கலாம். அணைத்திருக்கும்போதும் போன் சார்ஜ் ஆகும் யூஎஸ்பி வசதி சில லேப்டாப்களில் உண்டு, அதை பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) நிறுத்தலாம். எஸ்3 வகை லேப்டாப் என்றால் மவுஸோ நெட்வொர்க் கார்டோ எழுப்பிவிடுகிறதா என்று டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் பார்க்கலாம். காரணமே பிடிபடாவிட்டால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். திறந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். திறக்கச் சில விநாடி கூடுதலாக ஆகும், டிஸ்க்கில் சில ஜிபி இடம் பிடிக்கும். நான் இப்போது வெளியூர் போகும்போது அப்படித்தான் வைக்கிறேன்.

ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "சாஃப்ட்வேர் காட்டறதை எல்லாம் நம்பாதீங்க மேடம்" என்றார் ஓனர். என் பழைய பேட்டரியைக் கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், தமிழிலேயே பேசலாம். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது, 2,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று. முடியாது என்று சொல்லி, ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பில் தராமல் இழுத்தடிப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. எனவே அந்த எஸ்டிமேட் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லாக் கடைக்காரரும் இப்படி இல்லை, நேர்மையாகப் பார்த்துக் கொடுப்பவர்கள் இதே ஏரியாவில் இருக்கிறார்கள். ஆனால் யாரிடம் கொடுப்பதானாலும், கொடுக்கும் முன் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால், உள்ளே மாட்டும் முன்பே புது பேட்டரியின் லேபிளை போட்டோ எடுங்கள், பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். அங்கேயே நின்று மறுபடி ஒரு ரிப்போர்ட் எடுத்து சைக்கிள் கவுன்ட்டைப் பாருங்கள், ஒரு நிமிட வேலைதான். பழைய பேட்டரி உங்களுடையது, கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். வெடிக்கும் என்று பயமுறுத்தினால், உப்பியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். உப்பியிருந்தால் மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, போட்டோவோடு வாருங்கள்.

கோவையில் வேறு யாருக்காவது இப்படி 'புது' பேட்டரி மாட்டியிருந்தால், ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் அந்த ஹிஸ்டரி பட்டியலை எடுத்து வையுங்கள். ஒரே கடைமேல் பலர் புகார் இருந்தால் ஆணையத்தில் சேர்ந்தே போகலாம், எனக்கு எழுதுங்கள்.