பெயரில்லாத பகைவன்: லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’

மந்திரம் கற்பிக்கும் ஒரு பள்ளி, அங்கே வந்து சேரும் எளிய குடும்பத்துச் சிறுவன், அவனைக் குறிவைத்துப் பின்தொடரும் ஒரு தீய ஆவி என்று சொன்னால், மிகுபுனைவு நாவல்களில் ஓரளவு பழக்கமுள்ள எவரும் மீதிக் கதையைத் தாமே சொல்லிவிடலாம் என்று நினைப்பார்கள். உர்சுலா கே. லெ குவின் 1968-இல் வெளியிட்ட ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலை அந்த நினைப்போடு கையில் எடுப்பவர்கள் பாதி நூலைத் தாண்டுவதற்குள் ஏமாந்துபோவார்கள். அந்த ஏமாற்றத்துக்காகவே இதை வாசிக்கலாம். தொடக்கத்தில் ஒரு மலைக்கிராமத்தின் மீது நடக்கும் கொள்ளைத் தாக்குதலை விட்டுவிட்டால், இதில் படைகள் இல்லை, முடிசூட்டு விழா இல்லை, உலகை ஆளத் துடிக்கும் கொடுங்கோலனும் இல்லை. ஓர் இளைஞனும், தன் செருக்கினால் அவனே திறந்துவிட்ட வாசல் வழியாக வந்த ஒரு நிழலும் மட்டுமே கடல்களையும் தீவுகளையும் கடந்து ஒருவரையொருவர் தேடுகிறார்கள்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இயங்கிய பர்னாசஸ் பிரஸ் என்னும் சிறு பதிப்பகம், பதின்வயதினருக்காக ஒரு நாவல் எழுதித் தருமாறு கேட்டதிலிருந்து இந்நூல் பிறந்தது. மந்திரவாதி என்றாலே வெண்தாடிக் கிழவராகத்தான் இருக்க வேண்டுமா, அவர்களும் ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாத இளைஞர்களாக இருந்து எங்கோ போய்க் கற்றிருக்க வேண்டுமே என்ற யோசனையே தமக்குத் தொடக்கமாக அமைந்தது என்று லெ குவின் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1964-இல் வெளியான இரண்டு சிறுகதைகளில் அவர் ஏற்கெனவே தொட்டிருந்த தீவுக்கூட்ட உலகமே இதற்கும் களமானது. அந்த உலகின் பெயர் எர்த்சீ. அதில் கோண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்த்துத் திரியும் தாயில்லாப் பிள்ளையே நாயகன். பருந்துகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவன் என்பதால் ஊரார் அவனை ஸ்பாரோஹாக் என்று அழைக்கிறார்கள். அவனுடைய உண்மையான பெயர் கெட். அது மிகச் சிலருக்கு மட்டுமே தெரியும்.

இந்த நாவலின் முழு விசையும் இங்கேதான் இருக்கிறது. எர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவன் அப்பொருளை ஆளலாம். மனிதர்களும் தங்கள் மெய்ப்பெயரை மறைத்து வைத்துக்கொண்டு புழக்கப் பெயரோடு வாழ்கிறார்கள். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஒன்பது ஆசான்கள் இருக்கிறார்கள். காற்றைக் கட்டுதல், உருமாற்றம், மூலிகை என்று ஆளுக்கு ஒரு துறை. அவர்களில் பெயர்களின் ஆசான் மட்டும் தனித்த கோபுரம் ஒன்றில், கடல்முனைகள், செடிகளின் பாகங்கள் என்று முடிவில்லாத பெயர்ப் பட்டியல்களை மாணவர்களை மனனம் செய்யச் சொல்கிறார். மின்னலும் இடியுமாக வித்தை காட்டுவதுதான் மந்திரம் என்று எதிர்பார்த்துப் போகும் கெட்டுக்கு இது சலிப்பூட்டுகிறது. வாசகருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு கடலின் ஓர் அலையை அடக்க வேண்டுமானால்கூட அந்தக் குறிப்பிட்ட நீர்ப்பரப்பின் பெயர் தெரிய வேண்டும் என்ற விதி, மந்திரத்தை உழைப்பாகவும் எல்லைக்குட்பட்டதாகவும் ஆக்கிவிடுகிறது. எதையும் எப்போதும் செய்யலாம் என்ற தளர்ச்சி இந்தக் கதையில் ஓரிடத்திலும் இல்லை.

இன்னொரு விதி சமநிலை. கூழாங்கல்லை வைரம் போலத் தோன்றச் செய்வது கண்கட்டு. அதை உண்மையிலேயே வைரமாக்குவது உலகையே மாற்றுவதாகும், அந்த மாற்றம் எங்கே போய் முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. கெட்டின் குருவான ஓகியன் இந்த அறிவின் உருவமாக வருகிறார். மழை பெய்தால் வேறெந்த மந்திரவாதியும் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டிருப்பான். ஓகியனோ மரத்தடியில் ஒதுங்கி மழையை அதன் போக்கில் பெய்ய விடுகிறார். நனைந்துகொண்டே உள்ளுக்குள் குமுறும் சீடனும், அதைக் கவனித்தும் பேசாதிருக்கும் குருவும் வரும் இந்தப் பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பகுதிகளில் சேர்பவை. குருகுலத்தில் பொறுமையிழந்து புறப்படும் சீடனின் கதை நமக்குப் புதிதன்று. ஆனால் குரு தடுக்காமல், கோபிக்காமல், தேர்வை அவனிடமே விட்டுவிடும் விதம் இங்கே தனியாக நிற்கிறது.

ரோக் பள்ளியில் ஜாஸ்பர் என்னும் செல்வந்த மாணவனோடு மூளும் போட்டியில், இறந்தவர்களின் ஆவியை வரவழைத்துக் காட்டுவதாகக் கெட் வஞ்சினம் கூறுகிறான். பழங்காலப் பேரழகி ஒருத்தியின் உருவம் ஒரு கணம் தோன்றுகிறது. அவளோடு சேர்ந்து, உலகின் நெசவில் விழுந்த கிழிசல் வழியாக முகமும் தலையும் இல்லாத ஒரு கருமை பாய்ந்து வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடுவதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி நெம்மர்ல் தம் உயிரையே கொடுக்கிறார். இந்தக் காட்சி ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. வேறொருவர் எழுதியிருந்தால் இருபது பக்கங்களுக்கு வாணவேடிக்கை நடந்திருக்கும். லெ குவின் தம் பக்கங்களைப் பின்விளைவுகளுக்கு ஒதுக்குகிறார்: பல மாதம் படுக்கையில் கிடக்கும் சிறுவன், பேச்சு திரும்பும்போது வரும் தயக்கம், மற்ற மாணவர்கள் முன்னேறிப் போய்விட்ட பின் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கும் அவமானம். தீய ஆவியை விடத் தன் செயலின் நினைவே அவனை அதிகம் அச்சுறுத்துகிறது என்பது இந்தப் பக்கங்களில் சொல்லப்படாமலே விளங்குகிறது.

இதன் பிறகுதான் மெய்ப்பெயர் விதியின் உண்மையான பயன் தெரிய வருகிறது. அந்த நிழலுக்குப் பெயர் இல்லை, அல்லது இருந்தும் எந்த ஆசானுக்கும் தெரியவில்லை. ஆகவே கெட் இத்தனை ஆண்டுகள் கற்ற வித்தையில் ஒரு துணுக்குகூட அதன்மேல் பலிக்காது. மறுபுறம், ஆஸ்கில் தீவில் மனித உடல் ஒன்றைத் தின்று அதற்குள் புகுந்து வரும் அந்த நிழல், அவனைப் புழக்கப் பெயரால் அழைக்காமல் ‘கெட்’ என்றே அழைக்கிறது. அந்த ஒரு சொல்லில் அவன் வலிமையெல்லாம் வடிந்து, வெறும் கோலோடு ஓடத் தொடங்குகிறான். பகைவனுக்குத் தன் பெயர் தெரியும், தனக்கோ அதன் பெயர் தெரியாது என்ற இந்த ஏற்றத்தாழ்வு, அளவற்ற ஆற்றல் கொண்ட எந்த அரக்கனைவிடவும் கூர்மையான அச்சத்தைத் தருகிறது. நல்ல மிகுபுனைவுக்கு முதலில் வேண்டியது விதிகளின் ஒழுங்குதான் என்று நான் கருதுவதற்கு இந்த அத்தியாயத்தையே சான்றாகக் காட்டுவேன்.

டிராகன் வரும் அத்தியாயத்தையும் இதே கண்ணோட்டத்தில்தான் வாசிக்க வேண்டும். பெண்டார் தீவின் கிழட்டு டிராகனோடு கெட் பேரம் பேசுகிறான். அதன் பெயர் எவாட் என்பதைப் பழைய ஏடுகளிலிருந்து அவன் ஊகித்து வைத்திருக்கிறான்; டிராகனோ, நிழலின் பெயரைச் சொல்கிறேன், என்னை விட்டுவிடு என்கிறது. தன் உயிரைக் காக்கும் பெயரைப் பெறுவதா, தன்னை நம்பி வேலை கொடுத்த ஏழை மீனவத் தீவுகளைக் காப்பதா என்ற தேர்வு அவன் முன் வருகிறது. அவன் எதைத் தேர்ந்தான் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. வாள்வீச்சு எதுவும் நிகழாத அந்த உரையாடலின் இறுக்கம், டிராகனைக் கொல்லும் காட்சிகள் பலவற்றில் கிடைக்காதது. இதற்குச் சற்று முன்பாக வரும், படகுகட்டும் நண்பனின் இறந்துகொண்டிருக்கும் குழந்தையைத் தொடர்ந்து மரண எல்லை வரை கெட் போய்விடும் பகுதியும் அதே தரத்தது. அங்கிருந்து அவனை மீட்பது மந்திரமன்று, அவன் வளர்க்கும் ஓடாக் என்னும் சிறு விலங்கின் நாக்குதான்.

ஏழாம் அத்தியாயத்தின் இறுதியில் ஓகியன் ஓர் எளிய அறிவுரை சொல்கிறார்: ஓடினால் நிழல் உன்னை விரட்டும், திரும்பி நில், நீ அதை விரட்டு. நாவல் அந்த இடத்தில் திசை மாறுகிறது. ‘வேட்டையாடப்பட்டவன்’ என்ற பொருளில் தலைப்பிட்ட அத்தியாயத்துக்கு இரண்டு அத்தியாயங்கள் கழித்து ‘வேட்டை’ என்ற பொருளில் ஒன்று வருவது தற்செயலன்று. விரட்டத் தொடங்கியதும் நிழல் பின்வாங்குகிறது. ஆனால் அவன் போகும் இடங்களில் எல்லாம், அவனைப் போலவே ஒருவன் முன்னரே வந்து போனதாகச் சொல்லி மக்கள் அவனை அச்சத்தோடு பார்க்கிறார்கள். இந்தச் சிறு குறிப்பு போதும், முடிவை ஊகிக்கும் வாசகர் ஊகித்துவிடுவார். ஊகித்தாலும் கடைசி அத்தியாயத்தின் வலிமை குறைவதில்லை, ஏனெனில் அங்கே நடப்பது புதிரின் விடுவிப்பு மட்டுமன்று. வெட்ச் என்னும் நண்பன் கூடவே படகில் வருகிறான். பள்ளியில் எல்லோரும் ஒதுங்கிய காலத்தில் தன் மெய்ப்பெயரை இவனுக்குச் சொல்லி நம்பிக்கை காட்டியவன் அவன். தீய ஆவியோடான போரில் நாயகனுக்கு உண்மையில் கிடைத்த ஆயுதம் அந்த நட்பு ஒன்றுதான் என்று சொன்னாலும் மிகையாகாது.

குறைகளும் உண்டு. ஆஸ்கில் கோட்டையில் நடக்கும் நிகழ்ச்சிகள், அங்குள்ள மாயக்கல், கணவனை ஏமாற்றும் அழகி என்று அந்தப் பகுதி முழுவதுமே பழைய கட்டுக்கதைகளின் வார்ப்பில் இருக்கிறது. நூலின் மற்றப் பகுதிகளில் காணும் நுட்பம் அதில் இல்லை. ஜாஸ்பர் ஒரு தூண்டுகோலாக மட்டுமே பயன்பட்டுப் பிறகு மறைந்துபோகிறான். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பெண்களைப் பற்றியது. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற பொருளில் ஒரு பழமொழியை அந்த உலகம் புழங்குகிறது. கதையும் அதை மறுக்கவில்லை. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. ஊர்ச் சூனியக்காரி, மயக்குபவள், நண்பனின் வெகுளித் தங்கை ஆகிய மூன்று அச்சுகளே பெண்களுக்குக் கிடைக்கின்றன. லெ குவின் இதை உணர்ந்தே 1990-இல் ‘தெஹானு’ நாவலில் அதே உலகை ஒரு நடுவயதுப் பெண்ணின் கண்வழியே மீண்டும் எழுதினார் என்றாலும், முதல் நூலை மட்டும் வாசிப்பவருக்கு அந்தத் திருத்தம் கிடைக்காது.

நடையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். முதியவர் ஒருவர் நெருப்பருகே அமர்ந்து பழங்கதை சொல்வது போன்ற, சற்றே விலகிய குரலில் நூல் முழுவதும் செல்கிறது. உரையாடல் குறைவு, நகைச்சுவை அதைவிடக் குறைவு. பாத்திரங்களின் மனத்துக்குள் புகுந்து ஒவ்வொரு எண்ணத்தையும் விரித்துச் சொல்லும் இன்றைய இளையோர் நாவல்களில் பழகியவர்களுக்கு முதல் இரண்டு அத்தியாயங்கள் வறட்சியாகத் தோன்றலாம். என் பார்வையில் அந்த விலகலே நிழலுக்கு அதன் கனத்தைக் கொடுக்கிறது.

மற்றொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கறுப்பன். வெள்ளை நிறத்தவர்களில் முதன்மையானவர்கள் தொடக்கத்தில் கொள்ளையிட வரும் கார்கட் நாட்டவர். 1968-இல் இது அரிதான துணிவு. ஆயினும் பல பதிப்புகளின் அட்டையில் நாயகன் வெள்ளையனாகவே வரையப்பட்டான். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அப்படியே செய்ததை ஆசிரியர் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் 2006-இல் எடுத்த அசைவூட்டப் படமோ எர்த்சீ நூல்வரிசையின் பல நூல்களிலிருந்து கூறுகளை எடுத்துக் கலந்தது. இந்த நாவலின் நிழலைத் தேடி அங்கே போக வேண்டாம்.

வாங்குவோர் வரைபடம் உள்ள பதிப்பைத் தேர்வது நல்லது. தீவுகளின் பெயர்களைப் பின்தொடர அது இன்றியமையாதது. சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு 2018-இல் வந்த எர்த்சீ நூல்களின் முழுத்தொகுப்பு, 2019-இல் சிறந்த கலைநூலுக்கான ஹ்யூகோ விருதைப் பெற்றது. ஓவியங்கள் அழகானவை, கெட்டின் நிறமும் சரியாகவே இருக்கிறது, ஆனால் ஆயிரம் பக்கத்தை நெருங்கும் அந்தக் கனத்தைக் கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது. முதல் முறை வாசிப்பவர்கள் தனி நூலாகவே தொடங்கி, பிடித்திருந்தால் 1971-இல் வந்த ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’ நாவலுக்குச் செல்லலாம். கெட் அங்கே துணைப்பாத்திரம்தான், ஆனால் இந்த நூலில் ஒரு கிழவி அவனுக்குக் கொடுக்கும் உடைந்த வளையத்துண்டு எதற்கு என்பது அதில்தான் தெரியவரும்.