மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தேன், 38,350 ரூபாயைப் பறிகொடுத்தேன்

38,350 ரூபாய். எழுத்தால் முப்பத்தெட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது மட்டும். காசோலையில் எழுதுவதுபோல் எழுதிப் பார்க்கிறேன். அந்தக் காசோலை எனக்கு வரப்போவதில்லை என்று இன்று காலை ஒரு மின்னஞ்சல் சொல்லிவிட்டது. நிறுவனம் தரும் கணினியில் வீட்டிலிருந்து ஒப்பந்த வேலை செய்யப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிரதி திருத்தி, பக்கம் வடிவமைத்து அனுப்பும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய உண்டு. அப்படி ஒன்றில்தான் 2025 ஜனவரி முதல் ஜூன் வரை, எனக்கு ஆறு மாத ஒப்பந்தம். பக்கத்துக்கு 35 ரூபாய். வெளிவராத கட்டுரைகளைச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதனால் மடிக்கணினி அவர்களே தருவார்கள், அதற்கு 10,000 ரூபாய் முன்பணம், வேலை முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

கூரியரில் வந்த பெட்டியைத் திறந்த அன்றே பார்த்துவிட்டேன். யாரோ பல காலம் புழங்கிய கணினி. திரையின் இடப்பக்கக் கீலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு விரிசல். மூடும்போதெல்லாம் முறுக்கை ஒடிப்பதுபோல் 'படக்' என்று ஒரு சத்தம். கைபேசியில் படம் எடுத்து, நிறுவனக் கணக்கின் அரட்டையில் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். அவர் உடனே அழைத்தார். பேச்சு விருதுநகர்ப் பக்கம்; நான் சாத்தூர். "அக்கா, அது முன்பே இருந்ததுதான். நான் குறித்துவைத்துக்கொள்கிறேன். நீங்கள் ரசீதில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அப்போதுதான் உங்கள் பெயருக்கு வேலையைத் திறந்துவிட முடியும்" என்றார்.

ரசீதில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. ஊர்க்காரப் பெண், வாய் நிறைய அக்கா என்கிறார், போட்டுவிட்டேன். அடுத்தவர் கட்டுரையில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால்கூட விடாதவள் நான். என் தலையெழுத்தைத் தீர்மானித்த அந்த மூன்று சொற்களைத் திருத்தாமல் விட்டேன்.

பிறகு வேலை. பக்கத்துக்குத்தான் கூலி என்றால் பக்கம் மட்டும்தானே வேலை? காலை ஒன்பதரைக்கு அரைமணி நேரக் கூட்டம். எந்தக் கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை, கட்டுரையாளரிடம் கேட்ட சந்தேகங்களுக்கு இன்னோர் அட்டவணை, எத்தனை மணி நேரம் உழைத்தேன் என்று மூன்றாவதாக ஒன்று. மணிக்கணக்கில் கூலி தராதவர்களுக்கு மணிக்கணக்கு எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தகவல் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு முழுநாள் போனது. மென்பொருள் புதுப்பிப்பு என்று கணினி சுற்றிக்கொண்டே இருந்த நாட்களும் என் கணக்கில்தான். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால்கூட ஆறு மாதத்தில் 180 மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பைசா இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது, "அது எல்லாரும் செய்வதுதான் அக்கா" என்றார்.

ஜூன் 30 அன்று மாலை ஆறு மணிக்கு என் கணக்கை மூடினார்கள். மறுநாள் நேரில் போய்க் கணினியை ஒப்படைத்தேன். கணினிப் பிரிவுப் பையன் திரையை ஒருமுறை மூடித் திறந்தான். படக். என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் 'மடிக்கணினி 1, சார்ஜர் 1' என்று எழுதிக் கொடுத்தான். நிலை என்ன என்று எழுதச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். மதிய வெயிலில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

வரவேண்டியது இவ்வளவு: ஜூனில் 900 பக்கம், 31,500 ரூபாய். வருமான வரிப் பிடித்தம் 10 சதவீதம் போக 28,350. முன்பணம் 10,000. ஆக 38,350.

ஜூலை முழுக்க "கணினிப் பிரிவு அறிக்கை வரவேண்டும்", "கணக்குப் பிரிவில் இருக்கிறது", "பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்". என் புகாருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது, கீழே ஐந்து நட்சத்திரம், எங்கள் சேவைக்கு மதிப்பெண் இடுங்கள் என்று! ஒருங்கிணைப்பாளரைப் பிடித்தேன். "மேடம், படம் எதுவும் என் பார்வைக்கு வந்ததாக நினைவில்லை" என்றார். அக்கா மேடமானதைக் கவனியுங்கள். படம் அவர்கள் அரட்டையில் இருக்கிறது, எனக்கு உள்ளே போக வழியில்லை. கைபேசியில் இருந்ததைத் தங்கை கல்யாணப் படங்களுக்கு இடம் வேண்டும் என்று மார்ச்சிலேயே அழித்துத் தொலைத்தேன். 180 மணி நேரத்துக்கான அட்டவணையும் அங்கேதான்.

இன்று வந்த மின்னஞ்சல்: கீலும் திரையும் மாற்ற 41,200 ரூபாய் ஆகிறதாம். என் 38,350 ரூபாயை அதில் கழித்துக்கொண்டு, மீதி 2,850 ரூபாயை 'நல்லெண்ண அடிப்படையில்' தள்ளுபடி செய்கிறார்களாம்.

1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தில், ஒப்படைத்த பொருள் சேதமானதற்குப் பிடித்தம் செய்வதென்றால் ஊழியரின் கவனக்குறைவு காரணமாக இருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவரிடம் விளக்கமும் கேட்க வேண்டும் என்று இருந்தது. இதைச் சொன்னேன். "நீங்கள் ஊழியர் இல்லை, ஆலோசகர்" என்றார்கள். காலை ஒன்பதரைக் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் மட்டும் நான் ஊழியர்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். என் வருமான வரிக் கணக்கில் படிவம் 26ஏஎஸ் திறந்து பார்த்தேன்; என் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டுவது அது. ஜூன் மாதத்துக்கு 31,500 ரூபாய் எனக்கு வழங்கியதாக அல்லது வரவு வைத்ததாகக் காட்டி 3,150 ரூபாய் வரி கட்டியிருக்கிறார்கள். அந்தத் தொகை எனக்குரியது என்று அரசாங்கத்திடம் அவர்களே சொன்ன கணக்கு அது. அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பெட்டியைத் திறக்கும்போதே காணொளி எடுங்கள். பழுதைச் சொந்த மின்னஞ்சலில் இருந்து எழுதுங்கள், அரட்டையில் அல்ல. ரசீதில் பழுதைக் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கூட்டத்துக்கும் அட்டவணைக்கும் என்ன கூலி என்று முதல் நாளே கேளுங்கள். சிறு தொழில் செய்பவர் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம், ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று கேட்க அது உதவும். நான் செய்யவில்லை. முன்பணமா? கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்ப 4,000 ரூபாய் கேட்கிறார். 38,350-க்கு மேல் இதுவும். நாளை காலை போய்க் கட்டிவிட்டு வருகிறேன்.