கூட்டம் அதிகம்தான், அதனால்தான் போனோம்

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் என்றதும் கொழுந்தியாள் தடுத்தாள். "அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வேண்டாம் அத்தான், ஒரே கூட்டம். கும்பலோட கும்பலா முடிச்சு அனுப்பிடுவாங்க." ஊரிலேயே ஏதாவது சின்ன ஆஸ்பத்திரியில் நிதானமாகப் பார்க்கலாம் என்பது அவள் கட்சி.

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஒரே வேலையைத் தினமும் செய்யும் கையையும் எப்போதாவது செய்யும் கையையும் பக்கத்தில் நின்று பார்த்தவன். மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்துக்கே கூட்டிப்போனேன்.

காலையிலேயே ஜனம் நிற்கிறது, ஆனால் வரிசை நகர்கிறது. பார்வை, கண் அழுத்தம், சர்க்கரை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், பழகிய ஒரு பெண். கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் இவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். டாக்டர் தான் மட்டுமே செய்ய வேண்டியதைச் செய்கிறார்.

தியேட்டருக்குள் நடந்தது அத்தை சொல்லித்தான் தெரியும். "பக்கத்து மேசையில ஒருத்தருக்கு நடக்கும்போதே என்னை இங்க படுக்க வச்சுட்டாங்க. அதை முடிச்சுட்டு டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான்." 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் இது. இலவசப் பிரிவிலும் இதே டாக்டர்கள்தான்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கண்புரை ஆபரேஷனில் பயப்பட வேண்டியது உள்ளே கிருமி பிடிப்பது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால் பலன் உண்டா என்று அரவிந்தில் நடந்த சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களின் கணக்கை எடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்த தொற்று, மருந்து போட்டவர்களிடம் இரண்டாக இருந்தது. வருஷத்துக்கு முந்நூறு ஆபரேஷன் நடக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல டாக்டர் இருந்தாலும் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

அதற்காகக் கூட்டம் இருந்தாலே தரம் என்று சொல்ல வரவில்லை. தம்பி மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்த ஓர் ஆஸ்பத்திரியிலும் திருவிழாக் கூட்டம்தான். ஃபைலைத் தேடியே பாதி நாள் போனது. செய்ததை எழுதிவைத்து, திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம்.

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். கண்ணுக்குள் எந்த லென்ஸ் வைப்பது, எவ்வளவு ரூபாய் என்பதை நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் ஆஸ்பத்திரி கவுன்சிலர் பொறுமையாகச் சொல்கிறார், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அத்தை அடுத்த கண்ணுக்கும் இங்கேயே தேதி வாங்கச் சொல்லிவிட்டார்.