கன எண்ணெய் பைலட் பிளான்டுக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு: காரைக்குடிப் பட்டறை ஒன்றின் பணி குறித்து

1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியும் அழகப்பச் செட்டியார் பெயரில் உள்ள பொறியியல் கல்லூரியும் இருக்கும் ஊர் என்பதால், கருவிகளையும் கட்டுப்பாட்டுப் பேனல்களையும் நன்கறிந்தவர்களுக்குக் காரைக்குடியில் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட சிலர் சேர்ந்து நடத்தும் பட்டறை ஒன்றிடம், கன எண்ணெயை ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்து சோதிக்கும் எங்கள் பைலட் பிளான்டின் (சிறிய சோதனை ஆலையின்) கட்டுப்பாட்டு அமைப்பை முழுவதும் மாற்றித் தரும் வேலையை ஒப்படைத்தோம். இத்தகைய வேலைக்கு ஆள் தேடும் ஆய்வுக்கூடங்களுக்குப் பயன்படும் என்பதால், அவர்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன்.

சுத்திகரிப்பு ஆலையில் வெற்றிட வடிகோபுரத்தின் அடியில் தங்கும் எச்சம் செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில்கூட ஓடாது. குழாய்களைச் சூடாக வைத்திருந்தால்தான் அது நகரும். சூடு விட்டுப்போனால் தார்போல் உறைந்துவிடும். அதை 400 டிகிரி செல்சியஸுக்கு மேலும் 100 பார் அழுத்தத்துக்கு மேலும் வைத்து, மணிக்குச் சில நூறு கிராம் என்ற அளவில் வினையூக்கியின் வழியே செலுத்துகிறோம். எண்ணெயிலுள்ள நிக்கலும் வனேடியமும் வினையூக்கியின்மேல் படிந்து அதன் திறனைச் சிறிது சிறிதாகக் குறைப்பதால், ஒரு சோதனை ஓட்டம் வாரக்கணக்கில் நிற்காமல் நடந்தாக வேண்டும். இவ்வளவு சிறிய அளவில் உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஒத்துப்போகாவிட்டால், அந்தச் சோதனை ஓட்டத்தின் முடிவுகள் எதற்கும் உதவாது. ஒரு தானியங்கி அமைப்பை முதலில் இந்த எடைக் கணக்கை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. திரையில் தெரியும் படங்களின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வகையில் இந்தப் பட்டறையின் வேலை மிகச் சிறப்பானது. எண்ணெய்த் தொட்டி தராசின்மேல் நிற்கிறது. எடை குறையும் வேகத்திலிருந்து எண்ணெயின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பம்பின் வேகத்தை பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி திருத்துகிறது. சொல்வதற்கு எளிது. ஆனால் தொட்டியிலிருந்து கிளம்பும் குழாயும் அதைச் சுற்றிய வெப்ப நாடாவும் சூடேறும்போது விரிந்து தராசை இழுத்ததால், எண்ணெய் நகராத நேரத்திலும் ஓட்டம் இருப்பதாகத் திரை காட்டியது. பட்டறையைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் இரவு முழுவதும் தராசின் அருகிலேயே அமர்ந்து, வெப்ப நாடாவின் மின்சாரம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் எண் ஆடுவதைக் குறித்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தார். மறுநாளே வளையும் குழாய் ஒன்றைப் பொருத்தி, தொட்டியில் எண்ணெய் நிரப்பும் நேரத்தில் பம்பின் வேகம் மாறாமல் நிற்கும்படி நிரலையும் திருத்தினார்கள். இப்போது எங்கள் எடைக் கணக்கு 98 முதல் 102 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. எண்ணெயின் போக்கைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு செய்த வேலை இது.

வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் உயர் அழுத்தப் பிரிப்பானின் திரவ மட்டத்தையும் அவர்கள் நன்றாகவே கையாண்டார்கள். கலனும் சிறியது, வால்வும் மிகச் சிறியது; தொடர்ந்து சிறிதளவே திறந்து வைத்தால் நுண்துகள்கள் சிக்கி வால்வு அடைத்துக்கொள்ளும். ஆகவே மட்டம் ஏறியதும் வால்வைச் சில நொடிகள் நன்றாகத் திறந்து மூடும் முறையை வைத்தார்கள்.

பாதுகாப்பில் அவர்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. வினையில் வெளிப்படும் வெப்பம் கட்டுமீறினாலும், ஹைட்ரஜன் கசிந்தாலும், பிஎல்சியைச் சாராத தனி ரிலே சுற்று, வினைக்கலனைச் சூடாக்கும் உலையை அணைத்து, எண்ணெயையும் ஹைட்ரஜனையும் நிறுத்தி, அழுத்தத்தை இறக்குகிறது. ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடியது. கன எண்ணெயின் கந்தகத்திலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே உயிருக்கு ஆபத்தானது. அந்த அளவில் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையும் இழந்துவிடும் என்பதால், உணர்கருவியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மின்தடை வந்தால் எதற்கு முதலில் மின்சாரம் கொடுப்பது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடையும் எனக்குப் பிடித்திருந்தது. கட்டுப்பாட்டு அமைப்பையும் வாயு உணர்கருவிகளையும் யுபிஎஸ் தாங்க, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் குழாய்களின் வெப்ப நாடாக்களுக்கே முதல் இணைப்பு. உலை அதற்குப் பிறகுதான். உலை ஆறினால் மறுபடி சூடேற்றிக்கொள்ளலாம். குழாய்க்குள் எண்ணெய் உறைந்தால் ஆலையையே பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. தரவைச் சேமிக்கும் மென்பொருளை, வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் மட்டும் பதிவு செய்யுமாறு அமைத்துவிட்டார்கள். பெரிய ஆலையில் இடத்தை மிச்சப்படுத்த அது பொருந்தலாம். ஆய்வில் அது பெருந்தவறு. வினையூக்கி தளரத் தளர, வெப்பநிலையை டிகிரியின் சிறு பங்குகளாக உயர்த்திக்கொண்டே போகிறோம். அந்த மெல்லிய ஏற்றம்தான் எங்களுக்கு வேண்டிய விடை. பதிவிலோ அது படிக்கட்டாகத்தான் கிடைத்தது. சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள் என்றாலும், முதல் சோதனை ஓட்டத்தின் நுண்விவரங்கள் போனது போனதுதான். எச்சரிக்கை ஒலிகளும் அளவுக்கு மிஞ்சியிருந்தன: மின்தடை ஒன்று வந்தால் திரை முழுவதும் சிவந்து, எது மூலக்காரணம், எது அதன் விளைவு என்று இரவுப் பணியில் இருப்பவரால் பிரித்தறிய முடியவில்லை. இது இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. கையேடும் தாமதமாகவே வந்தது.

ஆனால் நிரலின் மூலத்தை, ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கக் குறிப்போடு, கடவுச்சொல் எதுவும் போடாமல் எங்களிடம் ஒப்படைத்தார்கள். இதற்கு முன் எங்களுக்கு வேலை செய்த வெளியூர் நிறுவனம் நிரலைப் பூட்டிவைத்து, ஒரு வெப்பநிலை வரம்பை மாற்றுவதற்குக்கூடத் தங்கள் ஆளை வரவழைக்க வைத்தது. புதிய வினையூக்கி வரும்போதெல்லாம் செயல்முறை மாறும் ஆய்வுக்கூடத்துக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு கட்டுப்படியாகாது. திரையிலுள்ள பெயர்களையும் எச்சரிக்கைகளையும் தமிழில் வைத்திருப்பதால், ஆலையை இயக்கப் புதிதாகச் சேர்ந்தவர்களும் தயக்கமின்றி வேலை செய்கிறார்கள்.

இரண்டாவது ஆலைக்கும் இவர்களையே அழைத்திருக்கிறோம். இம்முறை ஒவ்வோர் அளவீட்டையும் எந்த இடைவெளியில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், எச்சரிக்கைகளின் முன்னுரிமைப் பட்டியலையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். கையேடு கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்பதற்கும் அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.