வெளிச்சுவரில் நானே போட்ட தோட்டக் குழாய்: சில வருடங்களுக்குப் பிறகு

தோட்டத்துக்குத் தண்ணீர் விட வீட்டின் வெளிச்சுவரில் நானே ஒரு குழாய் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. வெயில், மழை, தினமும் ஹோஸ் மாட்டி இழுப்பது எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

வேலை என்று பார்த்தால் பெரிதில்லை. சமையலறைக்குப் போகும் அரை இஞ்ச் சிபிவிசி (ஒருவகை பிளாஸ்டிக் பைப்) லைனில் ஒரு டீ, அதாவது கிளை பிரிக்கும் T வடிவ இணைப்பு, அதிலிருந்து சுவரைத் தாண்டி ஒரு துண்டு பைப், முனையில் பித்தளை மரை வைத்த எல்போ (வளைவு இணைப்பு), அதில் குழாய். துளை வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. பசை போட்ட இணைப்புகளை டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் முழுக்கக் காயவிட்ட பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும்.

இத்தனை நாளில் எனக்கு அதிகம் உதவியது வெளியே தெரிகிற குழாயே அல்ல, உள்ளே டீயை ஒட்டிப் போட்ட பால் வால்வு (ball valve), கைப்பிடியைத் திருப்பி அந்தக் கிளையை மட்டும் அடைக்கும் வால்வு. வெளிக்குழாயில் கை வைக்க வேண்டுமென்றால் அதை மட்டும் மூடினால் போதும், சமையலறையில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும் அதை மூடிவிடுவேன். உறைபனி விழும் ஊர்களில் இது கட்டாயம். குளிருக்கு முன் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், பைப் பிளந்துவிடும்.

அடுத்தது கிளாம்ப். ஹோஸை இழுக்கும் ஒவ்வொரு முறையும் குழாய் ஆடும். அந்த ஆட்டம் பின்னால் இருக்கிற இணைப்பில்தான் போய் இறங்கும். எல்போவுக்குப் பக்கத்திலேயே சுவரில் கிளாம்ப் அடித்ததால் இன்றுவரை இணைப்பில் ஈரம்கூட இல்லை. வெயில் படும் பைப்புக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் வகை பெயிண்ட் ஒரு கோட் அடித்திருக்கிறேன். அடிக்காமல் விட்டால் சிபிவிசி நிறம் மங்கி, நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

ஒரு கட்டத்தில் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வால்வை மூடி, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினேன். ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் தண்டின் நுனியில் இருந்த கறுப்பு ரப்பர் வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம். கீழே உள்ள பித்தளை விளிம்பு அழுத்தி அழுத்திப் பதித்த தடம். புது வாஷர் போட்டதும் சொட்டு நின்றது. குழாயையே மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். பித்தளையில் வாங்கினால் இப்படிப் பழுதுபார்த்துக்கொண்டே பல காலம் ஓட்டலாம்.

உயரம் வாளி வைக்கிற அளவுக்கு இருக்கட்டும். கீழே தண்ணீர் வடிந்துபோக வழி வேண்டும், இல்லையென்றால் பாசியும் கொசுவும்தான்.

அப்புறம், இதைப் பலரும் கவனிப்பதில்லை: ஹோஸின் மறுமுனை பூச்சிமருந்து கலந்த வாளிக்குள் கிடக்கும்போது லைனில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், அந்தத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலந்துவிடலாம். ஹோஸ் மாட்டும் இடத்தில் திருகிப் பொருத்துகிற வேக்கம் பிரேக்கர் என்ற சின்ன உறுப்பு இதைத் தடுக்கும். சில ஊர்களில் கட்டட விதிகளே இதைக் கேட்கின்றன. குடிக்கும் தண்ணீர் வருகிற லைனிலிருந்து கிளை எடுக்கிறவர்கள் குழாய் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.