கோடு விழாத கார் கண்ணாடி: சில வருஷ அனுபவம்

கார் கண்ணாடியில் கோடு கோடாக நிற்பதற்கு நாம் வாங்கும் ஸ்பிரேயைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் காரணம் தண்ணீரும் துணியும்தான். சென்னை வேளச்சேரியில் போர் தண்ணீர் வரும் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, சில வருஷமாக என் காரை நானே துடைத்து வருகிறேன். இதில் எது நிலைத்தது, எதை விட்டுவிட்டேன் என்று சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போர் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது வெயிலில் காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணாடியில் தங்கிவிடும். அதன்மேல் எந்தத் திரவத்தை அடித்துத் துடைத்தாலும் மங்கல் போகாது. அதனால் கழுவுவது போர் தண்ணீரில் என்றாலும், காய விடாமல் கடைசித் துடைப்பை மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்கிறேன். பேட்டரி கடையில் கிடைக்கும், ஒரு கேன் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு. அதைத் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்வேன். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் உண்டு. வீட்டுத் தரைக்கு அது சரி, கண்ணாடிக்கு வேண்டவே வேண்டாம். மெஷின் ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

துணி விஷயத்தில் இரண்டு மைக்ரோஃபைபர் துணி போதும். ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காய்ந்தபடி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை) அளவில், கட்டம் கட்டமாக நெய்தது கண்ணாடிக்கு நன்றாக உழைக்கிறது. பொசுபொசுவென்று இருக்கும் துணி பெயிண்ட்டுக்கு நல்லது, கண்ணாடியில் பஞ்சு விடும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மைத் திரவம் சேர்க்கவே கூடாது. அந்த வழவழப்பு நூலில் ஒட்டி, அங்கிருந்து கண்ணாடிக்கு வந்து கோடாக நிற்கும். செய்தித்தாள் பழைய வழி, பஞ்சு விடாது என்பது உண்மைதான். ஆனால் மை, ஜன்னல் ஓரத்து ரப்பர் பீடிங்கிலும் விரலிலும் ஒட்டுகிறது. பல தடவை வெளுத்த பழைய வேட்டித் துணி அதைவிட எவ்வளவோ மேல்.

தூசி படிந்த கண்ணாடியை அப்படியே துடைக்காதீர்கள். மணல்துகள் கண்ணாடியைவிடக் கடினம். காய்ந்த துணியில் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும், காலை வெயில் எதிரே அடிக்கும்போதுதான் அவை கண்ணில் படும். தண்ணீர் விட்டுத் தூசியை இறக்கிவிட்டு, நிழலில் வண்டி ஆறியபிறகு துணியை எடுப்பதே நல்லது. சூடான கண்ணாடியில் திரவம் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

உண்மையான வேலை உள்பக்கத்தில் இருக்கிறது. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி வெளியிடும் ஆவி, முன் கண்ணாடியின் உள்ளே எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. பளபளக்கும் டேஷ்போர்டு பாலிஷ், காருக்குள் ஏற்றும் ஊதுபத்தி இரண்டும் அதைக் கூட்டும். முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது சட்டம். பகலில் இந்தப் படலம் பெரிதாகத் தெரியாது. இரவு ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் இந்தப் படலத்தில் சிதறும்போது ஒரு நொடி சாலையே தெரியாது. அழகுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது உள்பக்கத்தைத் துடையுங்கள்.

இதற்கு நான் நம்புவது, ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவில் கலந்தது. துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், கண்ணாடியில் அடித்தால் டேஷ்போர்டில் வழியும். முதல் தடவை படலம் கரைந்து இடம் மாறும், அவ்வளவுதான். துணியைத் திருப்பி இரண்டாவது தடவை துடைத்தால்தான் போகும். தீப்பற்றக்கூடியது, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பாட்டிலைக் காரில் விட்டுவிடாதீர்கள். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கிளீனர் பக்கம் போகாதீர்கள், ஃபிலிம் கெட்டுவிடும்.

அப்புறம் ஒரு பழக்கம். வெளிப்பக்கம் குறுக்காக, உள்பக்கம் மேலிருந்து கீழாகத் துடைப்பேன். கோடு நின்றால் எந்தப் பக்கம் என்று அதன் திசையே காட்டிவிடும். பின் கண்ணாடியில் மட்டும் இதைத் திருப்பிப் போடுவேன். உள்ளே குறுக்காக ஓடும், பனிமூட்டத்தைப் போக்கும் டிஃபாகர் கம்பிகள் மெலிசு, அவற்றின் போக்கிலேயே துடைப்பதுதான் பத்திரம். பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் பீடிங்கில் மறைந்த மேல் விளிம்பும் கைக்கு எட்டும்.

பழைய உப்புப் புள்ளிக்கு, வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிஷம் ஒட்டி வைத்துக் கழுவினால் புதிதாகப் படிந்தவை போகும். கண்ணாடியையே அரித்தவை போகாது, அதற்குக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பாலிஷ் வேண்டும். மழைநீர் உருண்டோடும் கோட்டிங்கை விட்டுவிட்டேன். ஹைவே வேகத்தில் அருமை. வடகிழக்குப் பருவமழையில் ஊருக்குள் ஊர்ந்துபோகும்போது நீர்த்துளிகள் அப்படியே நிற்கின்றன, வைப்பரும் தடதடக்கிறது.

இவ்வளவு செய்தும் முன் கண்ணாடியில் வில் மாதிரி வளைந்த கோடு வந்தால், வைப்பர் ரப்பரை அதே ஆல்கஹால் துணியால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிளேடை மாற்றுங்கள். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரமே இறுகிவிடும்.