‘ஒரு முறை சுட்டது’ என்று சொல்லி விற்கும் பிராஸ்: மான் சீசனுக்கு ரீலோடு செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

விஸ்கான்சினில் மான் வேட்டையின் முக்கியத் துப்பாக்கி சீசன் ஒன்பது நாள்தான், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளுக்காக செப்டம்பரிலேயே வேலையை ஆரம்பித்தேன். என் .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிளுக்குப் பிடித்த தோட்டாவை நானே கட்டி எடுக்க வேண்டும் (சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர், அதாவது அடிபட்டதும் பொறி கிளப்பும் சிறு மூடி, மருந்து (பவுடர்), குண்டு வைப்பதுதான் ரீலோடு; அந்தக் கூட்டைத்தான் பிராஸ் என்கிறோம்), நூறு கஜத்தில் குழப்பமில்லாமல் ஒரே இடத்தில் விழ வேண்டும், காயம்பட்ட மான் ஒன்று கூட என்னால் காட்டுக்குள் ஓடிச் சாகக் கூடாது. எண்ணம் அவ்வளவுதான்.

பக்கத்து ஊர் கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) ஒரு மேசையில் இருநூறு பித்தளைக் கூடு, எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி முத்திரை, எண்பது டாலர். "ஒரே ரைபிளில் ஒரே ஒரு முறை சுட்டது, பழைய பிரைமரையும் எடுத்துச் சுத்தம் செய்தே தருகிறேன், நீங்கள் மருந்தும் குண்டும் வைத்தால் போதும்" என்றார் விற்றவர். தங்கம் போல மின்னியது. வாங்கிவிட்டேன்.

அக்டோபர் தொடங்கியதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேஞ்சில் நின்றேன். கையேட்டில் போட்டிருந்த தொடக்க அளவிலிருந்து மெதுவாகத்தான் ஏறினேன். ஒரு முறை ஒரு அங்குலத்துக்குள் மூன்று குண்டு விழும், அதே அளவை அடுத்த வாரம் கட்டினால் மூன்று அங்குலம் சிதறும். குரோனோகிராஃப் வைத்துப் பார்த்தால் வேகம் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு எண்பது தொண்ணூறு அடி மாறுகிறது. குண்டை உட்கார வைக்கும் ஆழத்தை மாற்றினேன், பவுடரையே மாற்றினேன், ஸ்கோப் திருகையெல்லாம் கழற்றி மாட்டினேன். இரண்டு கூடு கழுத்தில் கீறிப் பிளந்தது. பிரைமர் சில கூடுகளில் விரலால் தள்ளினாலே போகிற மாதிரி லேசாக உள்ளே போனது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை, முதல் வாரம் சுட்ட கூடுகளையே மறுபடி கட்டிக் கொண்டுபோயிருந்தேன். நான்காவது குண்டுக்குச் சத்தம் வேறு மாதிரி வந்தது, துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட் பக்கத்திலிருந்து சூடான புகை கன்னத்தில் அடித்தது. போல்ட்டைத் திறந்தால் கூட்டின் அடிப்பகுதி மட்டும் வெளியே வருகிறது, மேல் பாதி தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அன்று இரவு வெகுநேரம் கை நடுங்கியது.

விற்றவரை அழைத்தால் "உன் ரைபிளில் ஹெட்ஸ்பேஸ் சரியில்லை, என் பிராஸ் மேல் பழி போடாதே" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டின் முகத்துக்கும், சேம்பரில் கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே குறுகும் சரிவு) தாங்கும் இடத்துக்கும் உள்ள தூரம்; அது அதிகமானால் கூடு நீண்டு கிழியும். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். உடைந்த துண்டை எடுத்துவிட்டு அவர் அளவுக்கட்டை போட்டுப் பார்த்தார்: குறைந்தபட்ச அளவான 'கோ' கட்டைக்கு போல்ட் மூடியது, மூடக் கூடாத அளவான 'நோ-கோ'வுக்கு மூடவில்லை. ரைபிள் சரியாகத்தான் இருக்கிறது. கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டையையும், தோளை 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளும்படிதான் வைத்திருந்தேன். பிறகு மீதியிலிருந்து பத்துக் கூட்டை எடுத்து நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். ஏழில், அடிக்குச் சற்று மேலே உள்சுவரைச் சுற்றிப் பள்ளம், சுவர் காகிதம் போல் இருந்தது. சுடும்போது கூடு நீள்கிறது, டையில் போட்டு அழுத்துகிறோம், மறுபடி நீள்கிறது, அப்படி நீளும் பித்தளை எல்லாம் அந்த ஒரு வளையத்திலிருந்துதான் போகிறது. சரியான ரைபிளில் ஒரு முறை சுட்ட கூட்டில் அந்தப் பள்ளம் பொதுவாக வராது, இவை பல முறை சுட்டுச் சுட்டு ஓய்ந்தவை.

எனக்கு வயிறெரிந்தது அடுத்ததைப் பார்த்துத்தான். கேலிப்பர் வைத்தால் நான் இன்னும் கைவைக்காத கூடு எல்லாமே 2.005 அங்குலம், கிட்டத்தட்ட ஒரே அளவு. .308க்கு அதிகபட்ச நீளம் 2.015, அதைத் தாண்டுகிற கூட்டைத்தான் வெட்டி 2.005க்குக் கொண்டுவருவோம். ஒரே முறை சுட்டதை யார் உட்கார்ந்து வெட்டுவார்கள்? வாயோரத்தில் உள்ளும் புறமும் சீவிய தடமும் இருந்தது. அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தெரிந்துதான் பிரைமரை எடுத்து, பளபளவென்று தேய்த்து விற்றிருக்கிறார். சுட்ட பிரைமர் உள்ளேயே இருந்திருந்தால் அது ஃபேக்டரியிலிருந்து வந்ததா என்று பார்க்கவாவது ஏதாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே பழைய பிராஸ் வாங்கினால் பிரைமர் எடுக்காததை, கழுவாததைக் கேட்டு வாங்குங்கள், அழுக்காக இருந்தால் இருக்கட்டும். மேசையிலேயே நாலைந்தின் நீளத்தை அளந்து பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியை மடக்கிக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரோடு இழுங்கள், பள்ளம் இருந்தால் கம்பி தட்டி நிற்கும். வெளியே அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அந்தக் கூட்டைத் தொடாதீர்கள். ஆனால் நன்றாகப் பாலிஷ் போட்டால் அந்த வளையம் மறைந்துவிடும், அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

எண்பது டாலர், இரண்டு டப்பா பவுடர், கிடைக்கவே கஷ்டமான பிரைமர் சில நூறு, ஒரு மாதச் சனிக்கிழமைகள், எல்லாம் போனது. அந்த சீசனுக்குக் கடையில் 150 கிரெயின் எடைக் குண்டுள்ள ஃபேக்டரி தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, ஸ்கோப்பை மறுபடி சரிசெய்துகொண்டு போனேன். இரண்டாம் நாள் காலை ஒரு பெண் மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. மீதிக் கூடுகளை வேறு யார் கைக்கும் போகக் கூடாதென்று ஒவ்வொன்றின் வாயையும் குறட்டால் நசுக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அதே ஆள் இந்த வசந்தகாலத்து ஷோவிலும் மேசை போட்டிருந்தார், பிராஸ் அதே மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.